நிரூபிக்காத வீரருக்கு முதல் இடம்: இளம் டிஃபென்ஸிவ் எண்டிடம் என்.எஃப்.எல். எதை எதிர்பார்க்கிறது?

2022 ஏப்ரல் 28, லாஸ் வேகாஸ். அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.லின் வருடாந்திர டிராஃப்ட். கல்லூரி ஆட்டத்தை முடித்துவிட்டு வரும் வீரர்களை 32 அணிகளும் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி இது. அந்த வருடம் மொத்தம் 262 பேர் எடுக்கப்பட்டார்கள். அதில் முதல் பெயர், டிரவான் வாக்கர். வயது 21. ஜார்ஜியா பல்கலைக்கழகம். எடுத்த அணி ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ்.

262 பேரில் முதல் ஆள் என்றால் கல்லூரியில் ரெக்கார்டுகளைக் குவித்தவர் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. வாக்கரின் வேலை எதிரணி குவாட்டர்பேக்கைப் பிடித்துக் கீழே தள்ளுவது. அதற்கு 'ஸாக்' என்று பெயர். டிராஃப்டுக்கு முந்தைய சீசனில் அவர் எடுத்தது 6 ஸாக். மூன்று வருடக் கல்லூரி ஆட்டத்தையும் கூட்டினால் 9.5. அவருக்கு அடுத்து, இரண்டாவது ஆளாக டெட்ராய்ட் லயன்ஸ் எடுத்த ஏய்டன் ஹட்சின்சன், மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காக அந்த ஒரே சீசனில் 14 ஸாக் எடுத்திருந்தார். இருவருக்கும் அதே வயது, அதே வேலை. ஒருவர் கையில் மார்க் ஷீட் இருந்தது. இன்னொருவரிடம் இருந்தது உடம்பும், 'இவன் பெரிய ஆளா வருவான்' என்ற கணிப்பும்.

உங்கள் ஆபீஸில் அமெரிக்க டீம் இருந்தால், செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை திங்கட்கிழமை கால் ஒவ்வொன்றிலும் முதல் ஐந்து நிமிடம் இந்தப் பேச்சுதான் ஓடும் என்பது உங்களுக்கே தெரியும். மியூட்டில் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் நிறைய பேர். அந்த ஐந்து நிமிடத்தில் என்னதான் பேசுகிறார்கள் என்று புரிந்துகொள்ள வாக்கரின் கதை நல்ல ஆரம்பம்.

டிஃபென்ஸிவ் எண்ட் என்ன செய்வார்?

களத்தில் அணிக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு. இந்தத் தாக்குதலை நடத்துபவர் குவாட்டர்பேக். அவருக்கு முன்னால் ஐந்து பெரிய உருவங்கள் சுவர் மாதிரி நிற்கும். அந்தச் சுவரின் ஓரத்தில் நிற்பவருக்கு 'டேக்கிள்' என்று பெயர். எடை 140 கிலோவை ஒட்டி இருக்கும். அந்த டேக்கிளுக்கு எதிரே, தடுப்பணியின் முன் வரிசையில் கடைசி ஆளாகக் குனிந்து நிற்பவர்தான் டிஃபென்ஸிவ் எண்ட்.

பந்து கிளம்பியதும் குவாட்டர்பேக் அதை எறிய எடுத்துக்கொள்ளும் நேரம் பொதுவாக இரண்டரை, மூன்று விநாடிதான். அதற்குள் அந்த 140 கிலோவைத் தாண்டி, வளைந்து ஓடி, எறிவதற்கு முன் பிடிக்க வேண்டும். பிடித்தால் ஒரு ஸாக். இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால் ஆளுக்கு அரை. 9.5, 3.5 என்று அரைக்கணக்கு வருவது அதனால்தான்.

டி.வி.யில் தெரிவது இவ்வளவுதான். ஆனால் இன்னொரு வேலை இருக்கிறது. எதிரணி பந்தை எறியாமல், கையில் வைத்துக்கொண்டு ஓடினால்? அப்போது டிஃபென்ஸிவ் எண்ட் தன் ஓரத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்க வேண்டும். ஓடி வருபவர் வெளிப்பக்கம் வழியாகத் தப்பிக்காமல், கூட்டம் இருக்கும் உள்பக்கத்துக்கே திரும்பும்படி வழியை அடைக்க வேண்டும். அங்கே அவரைப் பிடிப்பது வேறொருவர். ஸ்கோர்கார்டில் பெயர் வருவதும் அந்த வேறொருவருக்குத்தான். வழியை அடைத்தவருக்கு ஒரு புள்ளிவிவரமும் கிடையாது.

ஒரு சின்னக் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சில அணிகள் இதே வேலையைச் செய்பவரைத் தரையில் கை வைக்காமல் நிற்க வைத்து, 'அவுட்சைடு லைன்பேக்கர்' என்று கூப்பிடும். வாக்கரே முதல் இரண்டு சீசன் அந்தப் பெயரில்தான் ஆடினார். 2024-ல் அணியின் தடுப்பு முறை மாறி முன் வரிசை நான்கு பேர் ஆனதும் டிஃபென்ஸிவ் எண்ட் ஆனார். இந்த வம்பே வேண்டாம் என்று இப்போது பலரும் இரண்டு வகையினரையும் சேர்த்து 'எட்ஜ்' என்று சொல்லிவிடுகிறார்கள்.

6 ஸாக் எடுத்தவரை எதை நம்பி எடுத்தார்கள்?

உயரம் 6 அடி 5 அங்குலம். எடை 272 பவுண்டு, அதாவது சுமார் 123 கிலோ. டிராஃப்டுக்கு முன் நடக்கும் உடற்தகுதித் தேர்வில் 40 கெஜ தூரத்தை, அதாவது ஏறத்தாழ 36.5 மீட்டரை, 4.51 விநாடியில் ஓடினார். 123 கிலோ ஆள். இவரை விட 30, 40 கிலோ குறைவாக இருந்து, ஓடுவதையே தொழிலாக வைத்திருக்கும் வீரர்கள் பலர் ஓடும் வேகம் அது. கையின் நீளம் 35.5 அங்குலம். கை நீளம் ஏன் முக்கியம் என்றால், இருவர் மோதும்போது யார் கை முதலில் எதிராளியின் நெஞ்சில் படுகிறதோ அவர்தான் அந்த மோதலை நடத்துவார்.

அடுத்தது, அவர் ஆடிய அணி. 2021 சீசனின் ஜார்ஜியா தடுப்பணி சாதாரணமானது அல்ல. அலபாமாவை 33-18 என்று வீழ்த்தி தேசிய சாம்பியன் ஆன அணி. அந்த ஒரே தடுப்பணியிலிருந்து ஐந்து பேர் டிராஃப்டின் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டார்கள். அங்கே எல்லோரும் நட்சத்திரங்கள். மாறி மாறி இறக்குவார்கள். வாக்கரைச் சில நேரம் ஓரத்திலிருந்து உள்ளே நகர்த்தி, இடைவெளியை அடைத்து நிற்கச் சொன்னார்கள். சில நேரம் பின்னால் ஓடி பாஸைத் தடுக்கச் சொன்னார்கள். குவாட்டர்பேக்கை மட்டும் துரத்து என்று விட்ட தருணங்கள் மற்ற அணிகளின் நட்சத்திரங்களோடு ஒப்பிட்டால் குறைவு.

ஆக, '6 ஸாக்' என்ற எண்ணை இரண்டு விதமாகப் படிக்கலாம். அவரால் அவ்வளவுதான் முடியும். அல்லது, அவரிடம் அவ்வளவுதான் கேட்டார்கள். அப்போதைய ஜாகுவார்ஸ் ஜெனரல் மேனேஜர் டிரென்ட் பால்கி இரண்டாவதன் மேல் பந்தயம் கட்டினார்.

இந்த வாதம் கேட்க ரொம்ப நன்றாக இருக்கும். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. 'வாய்ப்பு கிடைக்கலை, கிடைச்சா காட்டியிருப்பான்' என்பதை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம். பொய் என்று நிரூபிக்கவே முடியாத பாராட்டு அது.

முதல் வருடம்: 3.5

ஆரம்பம் அமோகம். 2022 செப்டம்பரில் வாஷிங்டனுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே ஒரு ஸாக், ஒரு இன்டர்செப்ஷன். அதாவது எதிரணி எறிந்த பந்தையே பறித்தார். அதன் பிறகு சீசன் நீண்டது, எண்கள் நீளவில்லை. சீசன் முடிவில் வாக்கரிடம் 3.5 ஸாக். டெட்ராய்ட்டில் ஹட்சின்சன் 9.5 ஸாக், கூடவே 3 இன்டர்செப்ஷன்.

அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 'தப்பான ஆளை எடுத்துட்டாங்க' என்பது அந்தக் குளிர்காலத்தின் தேசியப் பொழுதுபோக்கு ஆனது. (வேடிக்கை என்னவென்றால், முந்தைய வருடம் 3-14 என்று கிடந்த ஜாகுவார்ஸ் அந்த சீசனில் 9-8 என்று தன் பிரிவை வென்றது. பிளேஆஃபில் சார்ஜர்ஸிடம் 27-0 என்று பின்தங்கி, 31-30 என்று ஜெயித்தது.)

ஆனால் 3.5-க்கும் 9.5-க்கும் நடுவே உண்மையில் எவ்வளவு தூரம்? ஆறு. பதினேழு ஆட்டங்கள் கொண்ட சீசன் முழுக்க ஒரு எட்ஜ் வீரர் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்வது சில நூறு முறை. அதில் 10 முறை பிடித்தாலே நல்ல சீசன் என்பார்கள். அந்தச் சில நூறில் ஆறு தருணங்கள்தான் 'ஏமாற்றம்' என்ற சொல்லுக்கும் 'நட்சத்திரம்' என்ற சொல்லுக்கும் நடுவே நிற்கின்றன. சில ஸாக் தானாக மடியில் வந்து விழும்: சக வீரர் துரத்த, குவாட்டர்பேக் நேராக இவர் கைக்குள் ஓடி வருவார். சில ஸாக் கைநழுவும்: டேக்கிளை அழகாகத் தாண்டி வந்திருப்பார், அதற்கு அரை நொடி முன் பந்து கிளம்பியிருக்கும்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு ஸ்பெல் முழுக்க பேட்டைத் தாண்டித் தாண்டிப் போட்டும் விக்கெட் கிடைக்காத பவுலரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மறுமுனையில் ஃபுல்டாஸில் விக்கெட் எடுத்தவரையும் பார்த்திருப்பீர்கள். அதனால்தான் அணிகள் ஸாக்கை மட்டும் பார்ப்பதில்லை. எத்தனை முறை குவாட்டர்பேக்கை அவசரப்படுத்தினார், இடம் மாற வைத்தார் என்ற 'பிரஷர்' கணக்கையும் பார்க்கின்றன. முதல் வருடத்தில் வாக்கருக்கு அந்தக் கணக்கும் பெருமைப்படும்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். துரதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது.

ஏன் நேரம் எடுக்கிறது?

கல்லூரியில் எதிரே நிற்பவருக்கு வயது 19, 20. 123 கிலோ ஆள் அந்த வேகத்தில் நெஞ்சில் மோதினால் பின்னால் போய்விடுவார். நேராக முட்டித் தள்ளும் இதற்கு 'புல் ரஷ்' என்று பெயர். வாக்கருக்கு இது போதுமானதாக இருந்தது. என்.எஃப்.எல்.லில் எதிரே நிற்பவருக்கு 29 வயது இருக்கலாம். எட்டு வருடமாக இதே வேலை. சம்பளத்துக்காக உங்கள் வீடியோவை வாரம் முழுக்கப் பார்த்துவிட்டு வந்திருப்பார். முதல் முறை முட்டினால் நகர்வார். இரண்டாவது முறை காலை ஊன்றிக் காத்திருப்பார். மூன்றாவது முறை நீங்கள் கை நீட்டுவதற்கு முன்பே உங்கள் கையைத் தட்டிவிடுவார்.

அப்போது தேவைப்படுவது இரண்டாவது அஸ்திரம். முட்டுவது போல் போக்குக் காட்டி, அவர் எடையை முன்னால் சாய்த்ததும் கையை வெட்டி ஓரமாக நழுவுவது. அல்லது மூன்று முறை வெளிப்பக்கம் ஓடிக் காட்டிவிட்டு, நான்காவது முறை சட்டென்று உள்ளே திரும்புவது. இது கையாலும் காலாலும் ஆடும் செஸ் மாதிரி. ஜிம்மில் வராது. ஏமாந்து ஏமாந்துதான் வரும்.

கற்க நேரம் வேண்டும். ரூக்கிக்கு இல்லாதது அதுதான். வாக்கரின் கல்லூரி ஃபைனல் 2022 ஜனவரி 10 அன்று முடிந்தது. அங்கிருந்து உடற்தகுதித் தேர்வுக்கான பயிற்சி, அணிகளோடு நேர்காணல்கள், டிராஃப்ட், புது ஊர், புது முறை, பயிற்சி முகாம், உடனே சீசன். 40 கெஜத்தை வேகமாக ஓடப் பழகிய அந்த மாதங்களில் டேக்கிளின் கையை எப்படி வெட்டுவது என்று யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. முதல் வருடம் முடிந்த பிறகுதான் உட்கார்ந்து தன் தவறுகளைப் பார்க்க ஒரு கோடைகாலம் கிடைக்கும். அதனால்தான் பலருக்கு இரண்டாவது வருடம் தாவுகிறது.

வாக்கருக்கும் தாவியது. 2023-ல் 10 ஸாக். 2024-ல் 10.5.

விமர்சனம் நின்றதா என்றால், இல்லை. பல ஸாக் முதல் மோதலில் ஜெயித்து வந்தவை அல்ல, விடாமல் துரத்தியதில் கிடைத்தவை என்று சொல்கிறார்கள். 2023-ல் மறு ஓரத்தில் நின்ற ஜாஷ் ஆலன் 17.5 ஸாக் எடுத்து அணியின் வரலாற்றுச் சாதனையை முறியடித்தார். எதிரணியின் கவலையெல்லாம் அவர் மேல் இருந்ததால் வாக்கருக்கு வழி கிடைத்தது என்றும் சொல்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் சோர்ந்துபோன நான்காவது கால்மணியிலும் விடாமல் துரத்துவது ஒரு திறமை இல்லையா? என்னைக் கேட்டால், 123 கிலோவோடு அதைச் செய்வது சின்ன விஷயமே அல்ல.

முன்பு இப்படி எடுத்தவர்கள் என்ன ஆனார்கள்?

2006-ல் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் முதல் ஆளாக மரியோ வில்லியம்ஸ் என்ற டிஃபென்ஸிவ் எண்டை எடுத்தது. கைக்கு எட்டும் தூரத்தில் ரெஜி புஷ் இருந்தார். ஹூஸ்டனிலேயே பிறந்து வளர்ந்த வின்ஸ் யங் இருந்தார். ஊரே கொதித்தது. பாத வலியோடு ஆடிய முதல் சீசனில் வில்லியம்ஸ் எடுத்தது 4.5 ஸாக். கேலிக்குக் கேட்க வேண்டுமா? அடுத்த வருடம் 14. அதற்கடுத்து 12. இன்று திரும்பிப் பார்த்தால் டெக்ஸன்ஸ் முட்டாள்தனம் செய்தது என்று சொல்பவர்கள் குறைவு.

அப்போ பொறுத்திருந்தால் எல்லோரும் வந்துவிடுவார்களா? வெர்னான் கோல்ஸ்டனைப் பாருங்கள். 2008-ல் நியூயார்க் ஜெட்ஸ் ஆறாவது ஆளாக எடுத்தவர். இவர் வாக்கரைப் போல நிரூபிக்காதவர் கூட இல்லை. ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக ஒரே சீசனில் 14 ஸாக், சிற்பம் மாதிரி உடம்பு. உடம்பும் மார்க் ஷீட்டும் இரண்டும் இருந்தன. என்.எஃப்.எல்.லில் மூன்று சீசன், 45 ஆட்டம். ஸாக்: பூஜ்யம். ஒன்று கூட இல்லை.

எதிர்ப்பக்கம் டேனியல் ஹன்டர். லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கடைசி சீசனில் 1.5 ஸாக் மட்டும். 2015-ல் 88-வது ஆளாக மினசோட்டா வைக்கிங்ஸ் எடுத்தது. முதல் வருடம் 6, இரண்டாவது வருடம் 12.5, பிறகு 2018, 2019 இரண்டிலும் 14.5. காகிதத்தில் பார்த்தால் இதுவும் வாக்கர் மாதிரி கணிப்புதான்: உடம்பு இருக்கிறது, எண் இல்லை. ஆனால் ஹன்டரை யாரும் கேலி செய்யவில்லை. ஏன்? 88-வது ஆள். எதிர்பார்ப்பே இல்லை. அவர் கற்றுக்கொண்டிருந்ததை யாரும் கேமரா வைத்துப் பார்க்கவில்லை.

இரண்டு கேள்விகளை ஒன்றாக்குகிறோம்

என் பார்வையில் வாக்கர் விஷயத்தில் எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். 'ஜாகுவார்ஸ் ஹட்சின்சனை எடுத்திருக்க வேண்டுமா?' என்பது ஒரு கேள்வி. அதற்கு அநேகமாக ஆமாம் என்றுதான் பதில். 'வாக்கர் நன்றாக வளர்கிறாரா?' என்பது வேறு கேள்வி. முதல் முடிவை எடுத்தது ஒரு ஜெனரல் மேனேஜர். அதன் கணக்கை ஒவ்வொரு ஞாயிறும் தீர்க்க வேண்டியிருப்பது அந்தப் பையன். அவர் யாரிடமும் போய் 'என்னை முதல் ஆளா எடுங்க, அவனை விட்டுடுங்க' என்று கேட்கவில்லை.

பணமும் இதே தர்க்கத்தில்தான் ஓடுகிறது. 2011-க்குப் பிறகு ரூக்கியின் சம்பளம் எந்த இடத்தில் எடுக்கப்பட்டார் என்பதைப் பொறுத்து ஏறக்குறைய முன்பே நிர்ணயமாகிவிடும். வாக்கருக்கு நான்கு வருடத்துக்கு சுமார் 3.74 கோடி டாலர். அன்றைய மதிப்பில் 280 கோடி ரூபாய்க்கு மேல். கேட்க மலைப்பாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இந்தத் தொழிலில் பெரிய பணம் இரண்டாவது ஒப்பந்தத்தில் வருகிறது. ஜாஷ் ஆலன் 2024-ல் கையெழுத்திட்ட ஐந்து வருட ஒப்பந்தம் 14 கோடி டாலருக்கும் மேல். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவரை ஐந்தாவது வருடத்துக்கும் வைத்துக்கொள்வதா என்று அணி மூன்று சீசன் முடிந்ததும் முடிவு செய்ய வேண்டும். ஆக, நிரூபிக்க அவருக்கு இருப்பது மூன்று சீசன். முதல் சீசன் கற்பதிலேயே போய்விட்டால் மிச்சம் இரண்டு. முழங்கால் ஒன்று திரும்பினால் அதுவும் ஒன்றாகிவிடும்.

2025-ல் ஜாகுவார்ஸ் வாக்கரின் ஐந்தாவது வருடத்தை உறுதி செய்தது.

அந்த முடிவுக்கு முந்தைய சீசனையும் பார்த்துவிடுங்கள். 2024 கணக்கில் வாக்கர் 10.5, ஹட்சின்சன் 7.5. இந்த இரண்டு எண்ணை மட்டும் யாராவது உங்கள் கால்-இல் சொன்னால், 'பார்த்தீங்களா, கடைசியில ஜாகுவார்ஸ்தான் ரைட்' என்று தோன்றும். ஹட்சின்சன் அந்த 7.5-ஐ எடுத்தது வெறும் ஐந்து ஆட்டத்தில். ஐந்தாவது ஆட்டத்தில், டல்லஸுக்கு எதிராக, கால் எலும்பு முறிந்து சீசனே முடிந்துபோனது.

அடுத்த முறை ஆட்டம் போட்டால், பந்தை விட்டுவிட்டு ஒரு ஐந்து முறை மட்டும் ஜாகுவார்ஸின் 44-ம் எண் சட்டையைப் பாருங்கள். அதுதான் வாக்கர். முதல் அடியில் டேக்கிளின் நெஞ்சில் யார் கை படுகிறது, தடுத்த பிறகு அவர் நிற்கிறாரா, வேறு ஏதாவது முயல்கிறாரா என்று. ஸாக் வந்தால் டி.வி.யே நான்கு முறை திரும்பப் போட்டுக் காட்டும்.